இலவசப் பதிப்பில் எங்கே கை வைப்பது?

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை எழுதி, எல்லா வசதிகளோடும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, "பிடித்திருந்தால் ஆண்டுக்கு 1,500 ரூபாய் கட்டுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நூறு பேரில் ஒருவர்கூடக் கட்டவில்லை. இலவசப் பதிப்பில் வசதிகளைக் குறைத்தால் கட்டுவோர் கூடுவார்களா, அல்லது இருப்பவர்களும் ஓடிவிடுவார்களா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கட்டுவோரின் விகிதம் கூடுமா என்பது ஒன்று, உங்கள் கைக்கு வரும் பணம் கூடுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு யோசிக்காமல் 'ஆம்' என்பேன். இரண்டாவது, எந்த இடத்தில் கட்டுப்பாடு போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிறு வணிகங்களுக்கு மென்பொருள் விற்றவன், பிறகு ஒரு சப்ஸ்கிரிப்ஷன் நிறுவனத்தின் விலை நிர்ணயக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்கிற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் என் ஊகத்தையும் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

'பிடித்திருந்தால் கட்டுங்கள்' என்பது புதிய யோசனை இல்லை. 1982-லேயே ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்ற அமெரிக்கர் 'பிசி-டாக்' என்ற மென்பொருளை யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம், பயன்பட்டால் 25 டாலர் அனுப்புங்கள் என்று விட்டார். அடுத்த ஆண்டு பாப் வாலஸ் 'பிசி-ரைட்' என்ற எழுத்து மென்பொருளை வெளியிட்டபோது ஒரு படி மேலே போனார். மென்பொருள் முழுசாகக் கிடைக்கும். ஆனால் 75 டாலர் கட்டியவருக்குத்தான் அச்சிட்ட கையேடும் உதவியும் உண்டு, அவருடைய பிரதியிலிருந்து இன்னொருவர் எடுத்துப் பணம் கட்டினால் அவருக்கு 25 டாலர் கமிஷனும் உண்டு. இருவருமே இந்த வழியில் தொழில் நடத்திக் காட்டியவர்கள். ஆனால் வாலஸ் வெறும் பெருந்தன்மையை நம்பி உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள். நிரலில் கை வைக்காமல், நிரலுக்கு வெளியே இருந்த ஒன்றைக் கட்டணக்காரருக்கென்று ஒதுக்கினார். உங்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி இதுதான்.

விளையாட்டு மென்பொருளில் இதைவிடத் தெளிவான உதாரணம் இருக்கிறது. ஸ்காட் மில்லர் 1980-களின் நடுவில் முழு விளையாட்டுகளையும் அப்படியே இலவசமாக விட்டு, விரும்பினால் பணம் அனுப்பச் சொன்னார். பெரிதாக எதுவும் வரவில்லை. 1987-ல் 'க்ரோஸ்' என்ற விளையாட்டைப் பாகங்களாக வெட்டி, முதல் பாகத்தை மட்டும் இலவசமாக விட்டு, மற்றவற்றைத் தபாலில் விற்றார். இந்த முறை பணம் வந்தது. பிறகு வேலையையே விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினார். 1993 டிசம்பரில் வந்த 'டூம்' விளையாட்டும் இதே பாதையில்தான் போனது: முதல் பாகம் இலவசம், அடுத்த இரண்டும் காசுக்கு. மில்லர் கதையில் ஒரே ஆள், ஒரே வகைச் சரக்கு, மாறியது கட்டுப்பாடு மட்டும் என்பதால் அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் அவர் எதையும் முடமாக்கவில்லை. இலவசமாகக் கிடைத்த பாகம் தன்னளவில் முழுமையானது. அதை முடித்தவனுக்கு, இந்த விளையாட்டு தனக்குப் பிடிக்கும் என்பது அதற்குள் தெரிந்துவிடும். இப்படி முதலில் இலவசமாகப் பரப்பிவிட்டுப் பிறகு பணம் கேட்கும் 'ஷேர்வேர்' முறைக்காரர்களின் அமெரிக்கச் சங்கம் தொடக்கத்தில் உறுப்பினர்கள் நிரலை முடக்கி வெளியிடவே கூடாது என்று விதி வைத்திருந்தது. பின்னாளில் அதையும் தளர்த்தினார்கள்.

கட்டுப்பாடு செய்வது என்ன? பயன் கிடைக்காதவனை அது பணம் கட்ட வைக்காது. பயன் கிடைத்தும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுகிறவனை இன்றைக்கு முடிவெடுக்க வைக்கும், அவ்வளவுதான். உங்கள் கடைக்காரர்களில் கணிசமானோர் கருமிகளும் இல்லை, ஏமாற்றுக்காரர்களும் இல்லை என்பது என் கணிப்பு. அவர்களை இன்றே கட்டச் சொல்லும் காரணம் எதுவும் உங்கள் மென்பொருளில் இல்லை. கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளான வின்ரார் 40 நாள் ட்ரயல் முடிந்தபிறகும் நின்றுவிடாமல், நினைவூட்டும் பெட்டியை மட்டும் காட்டிக்கொண்டே வேலை செய்வது ஊரறிந்த கதை. வீட்டில் இருப்பவர் அந்தப் பெட்டியை மூடிவிட்டுப் போவார். நிறுவனங்களோ லைசென்ஸ் தணிக்கைக்குப் பயந்து வாங்கும். அவர்களுக்கு அந்தத் தணிக்கைதான் கட்டுப்பாடு. முக்குக் கடைக்கு அப்படி ஒரு பயம் கிடையாது, ஆகவே வின்ராரைப் பார்த்து நீங்கள் தைரியம் கொள்ள முடியாது.

சரி, எங்கே போடுவது? நம் பக்கத்து உதாரணமே நன்றாக இருக்கிறது. டேலியை 'எஜுகேஷனல் மோட்' என்ற முறையில் லைசென்ஸ் இல்லாமலே ஓட்டலாம். லெட்ஜர், வவுச்சர், ஸ்டாக், ஜிஎஸ்டி எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பதிவுகளை மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் போட முடியும். எனக்குத் தெரிந்து இந்தியாவில் போடப்பட்ட கட்டுப்பாடுகளிலேயே கெட்டிக்காரத்தனமானது இது. பி.காம் படிக்கும் பிள்ளை பயிற்சி நிலையத்தில் உட்கார்ந்து முழு டேலியையும் கற்றுக்கொண்டு வெளியே வரலாம், அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் 17-ம் தேதி சரக்கு வந்து இறங்கும் கடைக்கு இது உதவாது. கற்பவருக்குக் கதவு முழுசாகத் திறந்திருக்கிறது, தொழில் நடத்துகிறவருக்கு மட்டும் சாத்தியிருக்கிறது. கற்று வந்தவர்தான் நாளைக்குக் கணக்காளராகப் போய், முதலாளியிடம் 'டேலி இருந்தால் செய்கிறேன்' என்கிறார். இவர் பணம் கட்டமாட்டார், ஆனால் இவரால்தான் முதலாளி கட்டுகிறார். லாக் உடைத்த பிரதிகளும் இங்கே நிறையவே சுற்றின. ஆனால் 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்து, விதியும் படிவமும் அடிக்கடி மாறத் தொடங்கியபின், அப்டேட் கிடைக்காத திருட்டுப் பிரதியை வைத்துக்கொண்டு தொழில் செய்வது தலைவலியானது. இந்தக் கடைசி விஷயம் என் ஊகம்தான், எண்ணிக்கை காட்டி நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் பலரும் இதையே சொல்வார்கள்.

இதோடு, இலவசக் கணக்கில் கூட்டத்தை 40 நிமிடத்தில் அறுத்துவிடும் ஜூமின் வரம்பை ஒப்பிட்டுப் பாருங்கள். அலுவலகக் கூட்டம் வழக்கமாக ஒரு மணி நேரம். 40 நிமிடத்தில் அறுந்தால், வாடிக்கையாளர் எதிரில் இருக்கும்போது, கூட்டத்தைக் கூட்டியவருக்கு மானம் போகும், கட்டிவிடுவார். 2020-ல் சொந்தக்காரர்கள் கூடிப் பேசிய அழைப்புகளில் யாரும் கட்டவில்லை. அறுந்ததும் தாய்மாமனுக்கு மறுபடி லிங்க் அனுப்பிவிட்டு இன்னொரு 40 நிமிடம் பேசினோம். அதனால் ஜூமுக்கு நஷ்டம் இல்லை. அப்படிப் பழகியவர்கள்தான் அலுவலகத்திலும் ஜூமையே கேட்டார்கள். 2019-ல் பங்குச் சந்தைக்கு வரும்போது அந்த நிறுவனம் தாக்கல் செய்த ஆவணத்தில், ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கும் தன் பெரிய வாடிக்கையாளர்களில் 55 சதவீதத்தினர் ஓர் இலவசக் கணக்கிலாவது தொடங்கியவர்கள் என்று சொல்லியிருந்தது.

இங்கே விகிதங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் 'இத்தனை சதவீதம் கட்டினால் நல்லது' என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். 2018-ல், கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்கும் டிராப்பாக்ஸ் தன் பங்குச் சந்தை ஆவணத்தில் பதிவுசெய்த பயனர்கள் 50 கோடிக்கு மேல், கட்டணம் செலுத்துவோர் 1.1 கோடி என்றது. அதே ஆண்டு ஸ்பாட்டிஃபை, மாதந்தோறும் பயன்படுத்துவோர் 15.9 கோடி, அதில் கட்டணக்காரர்கள் 7.1 கோடி என்றது. ஒன்று ஏறத்தாழ 2 சதவீதம், மற்றது 45 சதவீதம். இலவசக்காரருக்கு நடுநடுவே விளம்பரம் போட்டு, கைப்பேசியில் விரும்பிய பாட்டைத் தேர்ந்து கேட்கவிடாமல் செய்த ஸ்பாட்டிஃபையின் கட்டுப்பாடு அவ்வளவு வேலை செய்தது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். டிராப்பாக்ஸின் 50 கோடியில், என்றோ ஒருநாள் கணக்குத் திறந்து மறந்தவர்களும் அடக்கம். ஸ்பாட்டிஃபையின் எண்ணிக்கையில் மாதம் ஒருமுறையாவது கேட்டவர்கள் மட்டும்தான். வகுக்கும் எண்ணே வேறு. உங்கள் 'நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை' என்பதையும் அப்படித்தான் பார்க்கவேண்டும். அந்த நூறு பேர் யார், பதிவிறக்கியவர்களா, கடந்த வாரம் பில் போட்டவர்களா? பதிவிறக்கியவர்கள் என்றால், உங்கள் நிலைமை நீங்கள் நினைக்கிற அளவுக்கு மோசமாக இல்லாமலும் இருக்கலாம்.

கட்டுப்பாடு போட்டால் விகிதம் ஏறும் என்று நான் தயங்காமல் சொன்னதற்கும் இதில் பாதிக் காரணம் இருக்கிறது. கட்டுப்பாடு சிலரைக் கட்டவைக்கிறது, சிலரைத் துரத்துகிறது. துரத்தப்பட்டவர் கணக்கிலிருந்தே போய்விடுவதால் விகிதம் இரண்டு வழியிலும் ஏறும். நூறு பேரில் ஒருவர் கட்டிய இடத்தில் நாற்பது பேரில் ஒருவர் கட்டினால் விகிதம் இரண்டரை மடங்கு, வருமானம் அதேதான். ஆகவே விகிதத்தைப் பார்த்து மகிழ வேண்டாம், மாதம் எத்தனை புதியவர் கட்டினார்கள் என்ற எண்ணைப் பாருங்கள். ஓடியவர்களால் ஏற்படும் இழப்பு உடனே தெரியாது என்பதுதான் தொல்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் 'இதைப் போட்டுப் பார்' என்று சொல்லியிருக்கக்கூடியவர் சொல்லாமல் விட்டது எந்த அறிக்கையிலும் வராது. இந்த வாய்மொழி எவ்வளவு பெறுமானம் என்று உறுதியாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இன்னொன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதிதாக வருகிறவருக்குக் குறைவாகக் கொடுப்பது வேறு, ஏற்கெனவே கொடுத்ததைப் பிடுங்குவது வேறு. குறிப்பு எழுதும் செயலியான எவர்நோட் 2016-ல் இலவசக்காரர்கள் இரண்டு கருவிகளில் மட்டும் பயன்படுத்தலாம் என்றது, கூடவே கட்டணத்தையும் ஏற்றியது. அதனால் அந்த நேரத்து மாற்றங்களில் எது எதனால் என்று வெளியிலிருந்து பிரிக்கவே முடியாது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள், ஒரே நோட்புக் என்று இறுக்கினார்கள். கடவுச்சொற்களைச் சேமிக்கும் லாஸ்ட்பாஸ் 2021 மார்ச்சில் கணினி அல்லது கைப்பேசி, இரண்டில் ஒன்றில் மட்டுமே இலவசம் என்றதும் பலர் அதே வேலை செய்யும் பிட்வார்டனுக்கு மாறுவது எப்படி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. குறிப்புச் செயலி நடத்தும் நோஷன் நிறுவனம் தனிநபர் இலவசக் கணக்குக்கு வைத்திருந்த 1,000 பிளாக் (ஒரு பத்தி, ஒரு படம் போன்ற துண்டு) வரம்பை 2020-ல் எடுத்தேவிட்டது. தனிநபரைத் தாராளமாக உள்ளே விட்டு, அவர் தன் அலுவலகக் குழுவைக் கூட்டிவரும்போது காசு வாங்குவது என்ற கணக்கு. முன்பு அவர்கள் வைத்திருந்த வரம்பு, டேலி வைத்ததற்கு நேர் எதிரான இடத்தில் இருந்தது. ஆள் பழகிக்கொண்டிருக்கும்போதே வந்து இடித்தது.

திருட்டுப் பிரதியையும் மறக்கக்கூடாது. வீடியோ எடிட் செய்யும் கைன்மாஸ்டர் செயலியின் இலவசப் பதிப்பில் வீடியோவின் மூலையில் வாட்டர்மார்க் வரும். கட்டணம் கட்டி நீக்கியவர்களும் உண்டு, யாரோ திருத்தி அதை நீக்கிய 'மாட்' பிரதியை டெலிகிராமில் தேடி எடுத்தவர்களும் உண்டு. கட்டுப்பாடு எரிச்சலூட்டுவதாகவும், உடைக்க எளிதாகவும், விலை ஆளுக்கு எட்டாததாகவும் இருந்தால் மக்கள் மூன்றாவது வழியைக் கண்டுபிடிப்பார்கள். உங்கள் மென்பொருள் முழுக்கக் கடைக்காரரின் கணினியிலேயே ஓடுவதால் நீங்கள் போடும் எந்தப் பூட்டையும் ஊரில் ஒரு பையன் திறந்துவிடுவான். உங்கள் பக்கம் இருந்து மட்டுமே வரக்கூடியதை, அதாவது அப்டேட், பேக்கப், உதவி ஆகியவற்றை அப்படித் திறக்க முடியாது, அவற்றுக்குப் பூட்டே தேவையில்லை.

சோதித்துப் பார்க்கலாமே, பாதிப் பேருக்குக் கட்டுப்பாடு, பாதிப் பேருக்கு இல்லை என்று வைக்கலாமே என்பீர்கள். பெரிய நிறுவனங்கள் செய்கின்றன. உங்களுக்கு அது சரிப்படாது. பக்கத்துக்கு 500 பேர், ஒரு பக்கம் 10 பேர் கட்டினார்கள், மறு பக்கம் 15 பேர் என்று வந்தால் ஒன்றரை மடங்கு என்று துள்ளத் தோன்றும். ஆனால் அந்த 5 பேர் வித்தியாசம் தற்செயலாகவே சுலபமாக வரக்கூடியது. 2 சதவீதத்துக்கும் 3 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஓரளவு நம்பிக்கையோடு பிடிக்கப் பக்கத்துக்குச் சுமார் 3,800 பேர் வேண்டும். அதனால் எண்களை விட்டுவிட்டு, நன்றாகப் பயன்படுத்தியும் கட்டாத சில கடைக்காரர்களுக்குப் போன் போட்டுப் பேசுங்கள். ஏன் கட்டவில்லை என்று கேட்காதீர்கள், மழுப்புவார்கள். இது நாளைக்கு நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். 'பில் புத்தகத்துக்குப் போய்விடுவேன்' என்றால் உங்கள் மென்பொருள் அவருக்கு இன்னும் ஒட்டவில்லை. 'அய்யோ, ஆடிட்டருக்கு என்ன கொடுப்பேன்' என்றால், கட்டணத்தை எங்கே வைக்கவேண்டும் என்பதை அவரே சொல்லிவிட்டார்.

கட்டாமல் இருப்பதற்குக் காரணம் கட்டும் வழியாகவும் இருக்கலாம். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க வாடிக்கையாளரின் முன் அனுமதிப் பதிவு வேண்டும். அந்தச் சமயத்தில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த சந்தாக்கள் பல நின்றுபோனதைச் சந்தா விற்ற எல்லோரும் பார்த்தோம். கட்ட மனமிருந்தும் கட்டமுடியாமல் போனவர்கள் அவர்கள். உங்கள் தளத்தில் கார்டு எண் கேட்கும் பெட்டி மட்டும் இருந்தால், கட்டுப்பாட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு யுபிஐ க்யூஆரை வையுங்கள். செலவில்லாத சோதனை.

இனி உங்கள் பில்லிங் மென்பொருளுக்கு என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பில் எண்ணிக்கையில் வரம்பு வைக்காதீர்கள். மாதம் 100 பில் என்று வைத்தால் கடைக்காரர் சின்னச் சின்ன விற்பனைகளைப் பில் போடாமல் விடுவார், ஸ்டாக் கணக்கு தப்பாகும், உங்கள் மென்பொருள்மேல் பழி விழும். அதைவிட மோசம், வரம்பு முடியும் நேரம் தீபாவளிக்கு முந்தின மாலையாக இருந்தால். கவுன்டரில் பத்து பேர் நிற்கும்போது திரையில் 'பணம் கட்டவும்' என்று வந்தால் அந்த மனிதர் ஆயுசுக்கும் உங்களுக்குக் கட்டமாட்டார். பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, அன்றைய கல்லாக் கணக்கு ஆகியவை என்றைக்கும் இலவசமாக இருக்கட்டும். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கான கோப்பு, ஆடிட்டருக்கு அனுப்பும் வடிவம், இரண்டாவது கவுன்டர், கிளைகள், இணையப் பேக்கப் ஆகியவற்றைக் கட்டணத்தில் வையுங்கள். இவை தேவைப்படுகிற கடை ஓரளவு வளர்ந்த கடை, 1,500 ரூபாய் அதற்குப் பாரமில்லை. கணக்கு மென்பொருளான ஜோஹோ புக்ஸ் இந்தியாவில் ஆண்டு விற்றுமுதல் ஒரு வரம்புக்குள் இருக்கும் தொழில்களுக்கு இலவசத் திட்டம் தருவதும் இதே தர்க்கம்தான். கடை வளர்ந்தால்தான் கட்டணம்.

ஏற்கெனவே இருப்பவர்களிடமிருந்து எதையும் எடுக்காதீர்கள். அவர்களுக்கு இன்று இருப்பதெல்லாம் அப்படியே தொடரட்டும், புதிதாகச் சேர்ப்பவற்றை மட்டும் கட்டணத்தில் கொண்டுவாருங்கள். யாருடைய தரவையும் பிணையாக வைக்காதீர்கள். கட்டாதவரும் தன் பொருள் பட்டியலையும் பில்களையும் எக்செல்லில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கவேண்டும். எடுத்துக்கொண்டு போகலாம் என்று தெரிந்தால்தான் கடைக்காரர் தைரியமாக முழுக் கணக்கையும் உள்ளே போடுவார்.

வாலஸ் செய்ததை நம் ஊருக்கு ஏற்றபடி செய்யுங்கள். இங்கே சிறு கடைக்காரர்கள் மென்பொருளுக்காகப் பணம் கொடுத்துப் பழகியதைவிட, வந்து பார்க்கும் ஆளுக்காகக் கொடுத்துப் பழகியவர்கள். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்றால் மறுபேச்சில்லாமல் கொடுப்பவர் லைசென்ஸ் என்றால் பேரம் பேசுவார். உங்களுக்கு உண்மையான செலவு வைப்பதும் இலவசக்காரரின் பிரதி அல்ல, ராத்திரி ஒன்பது மணிக்கு 'பிரின்டர் வரவில்லை' என்று வரும் போன். போன் உதவியை இந்த மாதமே கட்டணத்துக்குள் கொண்டுபோங்கள், நிரலில் ஒரு வரிகூட மாற்றவேண்டாம். ஊர்களில் கணினி விற்கும், பழுது பார்க்கும் ஆட்களுக்கு வசூலில் ஒரு பங்கு கொடுத்துப் பாருங்கள்.

விலை குறைவாக இருப்பதாலேயே யாரும் மதிப்பதில்லை, 3,000 ஆக்குங்கள் என்று சிலர் சொல்லக்கூடும். சில சரக்குக்கு அது பலித்திருக்கிறது, உங்களுக்குப் பலிக்குமா என்பது சோதித்தால்தான் தெரியும். இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். எவர்நோட்டைப் போல விலையையும் வரம்பையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே விளங்காது. மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு முன்னும் பின்னும் கடைக்காரர்களின் மனநிலை வேறு என்பதால், ஏப்ரலில் தொடங்கி ஒரு முழு நிதியாண்டு பாருங்கள். கடந்த 30 நாளில் குறைந்தது 20 நாள் பில் போட்ட கடைகள் எத்தனை, அவற்றில் ஜிஎஸ்டி எண் பதிந்தவை எத்தனை என்ற இரண்டு எண்களும் கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள். எந்த வசதியைக் கட்டணத்துக்குள் வைப்பது என்பதை இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.